குப்பை வண்டியும் குடியாட்சியும்

மக்களாட்சியைப் பற்றி எழுந்த நூல்கள் பெரும்பாலும் பாராளுமன்றத்தைப் பற்றியே பேசுகின்றன. நம் பல்கலைக்கழகங்களில் அரசறிவியல் பயில்வோரும் வெஸ்ற்மின்ஸ்ரர் மரபு, அமைச்சரவைப் பொறுப்பு, கட்சி முறை என்பனவற்றை விரிவாகக் கற்பர்; உள்ளூராட்சி என்னும் இயலோ, பரீட்சைக்கு வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று கடைசி வாரத்திற்கு ஒதுக்கப்படுவது. ஆனால் ஆட்சி ஒரு குடிமகனின் வாசற்படிக்கு வந்து சேரும்போது அமைச்சரின் உருவில் வருவதில்லை. குப்பை வண்டியின் உருவிலேயே வருகின்றது. வாசலிலுள்ள குப்பை எந்நாளில் அகற்றப்படும், எதிரேயுள்ள வயல் வயலாகவே இருக்குமா அன்றி வீடுகளாகுமா என்னும் வினாக்களுக்கு விடை கூறும் ஆட்சியே அவன் நாள்தோறும் காணும் ஆட்சியாகும். அத்தகைய சிற்றாட்சி ஒன்றிற்கு இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் நடைபெற்ற தேர்தலை அருகிலிருந்து காணும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அதனையொட்டி எழுந்த சிந்தனைகளே இக்கட்டுரை.

2023ஆம் ஆண்டு ஏப்பிரல், மே மாதங்களில் நான் சஃபோக் பிரதேசத்தில் என் மகளின் வீட்டில் தங்கியிருந்தேன். அவள் அயல் நகரொன்றின் மருத்துவமனையில் வைத்தியராகப் பணிபுரிபவள். ஸ்ரோமார்க்கற் என்னும் சிறு நகருக்கு அப்பாலுள்ள கிராமமொன்றில் வாடகை வீட்டிற் குடியிருந்தாள். இலண்டன் மாநகருக்கு வடகிழக்கே அமைந்த அப்பகுதியில் மலைகள் இல்லை. கிப்பிங் என்னும் சிற்றாறு, பார்லி வயல்கள், இளவேனிலில் மஞ்சட் பாய் விரித்தாற்போலப் பூத்துக் கிடக்கும் எண்ணெய்க்கடுகுத் தோட்டங்கள், சக்கிமுக்கிக் கற்களாற் கட்டப்பட்ட பழைய தேவாலயக் கோபுரங்கள், இளஞ்சிவப்பு வண்ணம் பூசிய கூரைவீடுகள் என்பனவே கண்ணிற் படுவன. இந்நிலப்பரப்பே மிட் சஃபோக் மாவட்டம். மாவட்டம் என்றவுடன் நமது யாழ்ப்பாண மாவட்டத்தையோ கண்டி மாவட்டத்தையோ எண்ணிவிடலாகாது. ஏறத்தாழ ஓரிலட்சம் மக்களைக் கொண்ட இது, செயல் முறையில் நமது பிரதேச சபைக்கே நெருக்கமானது.

அந்நாட்டுக் கிராமத்தவர் ஒருவர் ஒரே வேளையில் மூன்று சபைகளின் கீழ் வாழ்கிறார். அடியில் இருப்பது பரிஷ் சபை. நம் பழைய கிராமச் சங்கத்தை ஒத்தது. சேமக்காலை, விளையாட்டுத் திடல், தெருவோர இருக்கை முதலியன அதன் பொறுப்பு. நடுவில் இருப்பது மாவட்ட சபை. குப்பை அகற்றல், வீடமைப்பு, கட்டட அனுமதி, வரி அறவிடல் என்பன அதன்பாற்பட்டவை. மேலே இருப்பது கவுண்டி சபை. கல்வி, பெருந்தெருக்கள், முதியோர் பராமரிப்பு, நூலகம் என்பன அதற்குரியன. வரியைச் சேர்ப்பது மாவட்ட சபை. அதிற் பெரும்பங்கைச் செலவிடுவது கவுண்டி சபை. ஆகவே வீதியிற் பள்ளம் விழுந்தால் மாவட்ட சபையை ஏசுவதும், அச்சபை கவுண்டி சபையைக் கை காட்டுவதும் அங்கு அன்றாட நிகழ்ச்சிகள். இவ்வகையில் உலகத்துக் கிராமங்கள் யாவும் ஒன்றே எனலாம்.

இவ்வமைப்பு ஒரே நாளில் தோன்றியதன்று. பரிஷ் சபைகளையும் பழைய கிராமிய மாவட்ட சபைகளையும் 1894ஆம் ஆண்டுச் சட்டம் உருவாக்கிற்று. நிலப்பிரபுவும் குருவானவரும் நடத்திவந்த ஊர்க் காரியங்களிற் குடியானவனுக்கும் வாக்குரிமை வழங்கிய சட்டம் அது. மணமான பெண்டிரும் இச்சபைகளுக்கு வாக்களிக்கவும் போட்டியிடவும் அது வழிசெய்தது; பாராளுமன்றத்திற்கு வாக்களிக்கும் உரிமையைப் பெண்கள் பெற்றது 1918இலேயே என்பதை நோக்குமிடத்து, சிறிய சபை பெரிய சபைக்கு 24 ஆண்டுகள் வழிகாட்டியாக நின்றமை புலனாகும். பின்னர் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1974 ஏப்பிரல் முதலாந் திகதி பழைய சபைகள் பல இணைக்கப்பட்டன. மிட் சஃபோக் அவ்வாறு ஐந்து சபைகளை இணைத்து உருவானது. 2017இல் அதன் தலைமையகம் மாவட்ட எல்லைக்கு வெளியேயுள்ள இப்ஸ்விச் நகருக்கு மாற்றப்பட்டது. தன் எல்லைக்கு வெளியிலிருந்து ஆளும் சபை என்று ஊரவர் நகைச்சுவையாகச் சொல்வதைக் கேட்டேன்; அந்நகைச்சுவையில் ஒரு மனக்குறையும் இருந்தது.

என் மகளுக்கு இத்தேர்தலில் வாக்கு இருந்தது. அவள் இலங்கைப் பிரசை. பிரித்தானியக் குடியுரிமை பெற்றவளல்லள். எனினும், வதிவிட அனுமதியுடன் வாழும் பொதுநலவாய நாட்டவர் எவரும் அங்கு வாக்காளராகப் பதிவுசெய்யலாம். காலவரையற்ற வதிவிட அனுமதி பெற்றவராயின், விரும்பினால் வேட்பாளராகவும் நிற்கலாம். பேரரசு மறைந்தபின் அதன் ஏட்டில் அழியாது நின்றுவிட்ட ஒரு வரி என்று இதனைக் கூறலாம். ஆனால் அவ்வுரிமையைப் பயன்படுத்துவதா என்பதில் அவளுக்குப் பெருந் தயக்கம் இருந்தது. அதற்குக் காரணம் கிராமத்து எல்லையிலிருந்த ஒரு வயல்.

அவ்வயலில் வீடுகள் கட்டுவதற்கு ஒரு கட்டட நிறுவனம் அனுமதி கோரியிருந்தது. ஊரின் வேலிகளில் எல்லாம் எதிர்ப்பு அட்டைகள் தொங்கின. வாக்குக் கேட்டு வந்தவர் அனைவரும் முதலிற் பேசியது இவ்வயலைப் பற்றியே. கட்சி எதுவாயினும் ஊரின் மனம் ஒன்றாகவே இருந்தது: வயல் வயலாக இருத்தல் வேண்டும். என் மகளின் நிலையோ வேறு. அவ்வூரில் ஒரு சிறு வீட்டை வாங்குவதற்கு அவளும் கணவரும் இரண்டு ஆண்டுகளாக முயன்று வந்தனர். விலை அவர்களுக்கு எட்டவில்லை. வாடகையும் ஆண்டுக்காண்டு ஏறிற்று. அவளோடு பணிபுரியும் தாதியர் சிலர் நாற்பது நிமிடம் கார் ஓடியே வேலைக்கு வந்தனர். அவ்வயலில் வீடுகள் எழுந்தால் அவற்றுள் ஒன்றில் அவர்களும் குடியேறலாம்.

ஒருநாள் இரவு உணவின்போது அவள் கேட்டாள்: "அப்பா, நேற்று வந்த ஆள் நான். இவையின்ர வயலைப் பற்றி முடிவு சொல்ல எனக்கு என்ன உரித்து இருக்கு?"

"வரி கட்டுறாய்தானே பிள்ளை?" என்றேன்.

"வரி கட்டுறது வேற, ஊராளா இருக்கிறது வேற. எங்கட ஊரிலை நேற்று வந்த ஒருத்தர் எங்கட வயலைப் பற்றிக் கதைச்சால் நீங்கள் விடுவியளே?"

அவ்வினா எளிதான வினாவன்று. நிலத்திற்கும் அதில் வாழ்வோருக்கும் இடையிலுள்ள உறவு எத்தனை ஆண்டுகளில் உரிமையாகின்றது என்பதை நம் நாட்டவர் அறிவுநூல்களிலிருந்து கற்றதில்லை; வாழ்ந்தே கற்றனர். ஆகவே நான் அவளுக்கு உபதேசம் எதனையும் சொல்லவில்லை. அங்கு நடைபெறவிருந்த ஊர்க்கூட்டத்திற்குப் போய்வருவோம் என்று மட்டும் கூறினேன்.

ஒவ்வொரு பரிஷும் ஆண்டுதோறும் மார்ச் முதலாந் திகதிக்கும் ஜூன் முதலாந் திகதிக்கும் இடையில் வாக்காளர் கூட்டமொன்றை நடத்துதல் வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். சபை உறுப்பினரின் கூட்டமன்று அது. ஊர் வாக்காளர் எவரும் எழுந்து பேசலாம். ஏப்பிரல் இறுதியில் ஒரு மாலை, கிராம மண்டபத்தில் ஐம்பது பேர் வரையில் கூடினர். நான் பார்வையாளனாகப் பின்வரிசையில் அமர்ந்தேன். தேநீரும் பிஸ்கற்றும் வழங்கப்பட்டன. நாய்களின் அசுத்தம் பற்றி அரைமணி நேரம் விவாதம் நடைபெற்றது. அதன் பின்னரே வயல் வந்தது.

முதியவர் ஒருவர் எழுந்து பேசினார். அவ்வூர்ப் பள்ளிக்கூடத்தில் இடமில்லை; வைத்தியரைக் காண மூன்று வாரம் காத்திருக்க வேண்டியுள்ளது; மாரியில் வாய்க்கால் பெருகி மூன்று வீடுகளுள் வெள்ளம் புகுந்தது; நூறு வீடுகள் கூடினால் அந்நீர் எங்கே போகும் என்று வினவினார். அவர் கூறியதில் பிழையில்லை. அவர் தம் தந்தையோடு அவ்வயலில் வேலை செய்தவர் என்பதும் பின்னரே தெரிந்தது.

அவர் அமர்ந்ததும் என் மகள் எழுந்தாள். அவள் எழுவாள் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை. தான் அவ்வூரில் மூன்று ஆண்டுகளாக வாழ்வதாகவும், வயலின் அழகைத் தானும் அறிந்தவளென்றும் சொன்னாள். "உங்கள் பெற்றோரை மருத்துவமனையிற் பார்த்துக்கொள்பவர்கள் நாங்கள். நாங்கள் எங்கே குடியிருப்பது என்பதையும் இம்மண்டபத்தில் யாராவது கேட்க வேண்டுமென்று நினைத்தேன்" என்ற கருத்தினை ஆங்கிலத்தில் அமைதியாகக் கூறி அமர்ந்தாள். மண்டபம் சிறிது நேரம் பேசாதிருந்தது. எவரும் கைதட்டவில்லை, எவரும் ஏசவுமில்லை. கூட்டத்தின் தலைவி அக்கருத்தைக் குறிப்பேட்டிற் பதியுமாறு எழுதுவினைஞருக்குச் சொன்னார். வெளியேறுகையில் அம்முதியவர் என் மகளிடம் வந்து, தம் பேரனும் அவ்வூரில் வீடு வாங்க முடியாது வேறிடம் போய்விட்டதாகக் கூறினார். தம் கருத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அன்றிலிருந்து தெருவில் அவளைப் பெயர் சொல்லி அழைத்தார்.

இங்கு ஒரு செய்தியைக் கூறுதல் பொருந்தும். அவ்வயலைப் பற்றிய முடிவு அம்மண்டபத்தில் எடுக்கப்படுவதன்று. பரிஷ் சபை கருத்துரைக்கலாம். அனுமதி வழங்குவதோ மறுப்பதோ மாவட்ட சபையின் அதிகாரம். மாவட்ட சபை மறுத்தாலும், நிறுவனம் மத்திய அரசின் திட்டமிடற் பரிசோதகரிடம் மேன்முறையீடு செய்யலாம். ஆகவே ஊரின் அதிகாரம் முழுமையானதன்று. ஆயினும் மாவட்ட சபையின் 34 உறுப்பினருள் ஒவ்வொருவரும் ஏறத்தாழ 3,000 மக்களுக்கு ஒருவர். வாக்குக் கேட்டு வந்த வேட்பாளருள் ஒருவர் சேறு படிந்த சப்பாத்துடன் வாசலில் நின்று, வெள்ளம் வந்த வாய்க்காலின் வளைவு எவ்விடத்தில் என்று கையாற் காட்டிப் பேசினார். அமைச்சர் ஒருவருக்கு அவ்வளைவு தெரிந்திருக்க முடியாது, தெரிந்திருக்க வேண்டியதுமில்லை. தெரிந்த ஒருவர் ஆட்சியில் இருக்க வேண்டும் என்பதே உள்ளூராட்சியின் தத்துவம்.

அத்தகைய ஒருவர் வேட்பாளராவதும் அங்கு எளிது. உள்ளூராட்சித் தேர்தலுக்குக் கட்டுப்பணம் இல்லை. முன்னர் பத்து வாக்காளரின் கையொப்பம் வேண்டப்பட்டது. இப்பொழுது முன்மொழிபவர், வழிமொழிபவர் என இருவர் போதும். நம் நாட்டிற் போலக் கட்சியின் பட்டியலிலோ சுயேச்சைக் குழுவின் பட்டியலிலோ இடம்பெற வேண்டியதில்லை, தனியொருவராகவே நிற்கலாம். உறுப்பினருக்குச் சம்பளம் இல்லை; ஒரு படிப்பணமே உண்டு.

தேர்தல் நாள் மே மாதம் 4ஆந் திகதி, வியாழக்கிழமை. இரண்டு நாள் கழித்து மன்னர் மூன்றாம் சார்ள்ஸின் முடிசூட்டு விழா. ஆகையால் தெருவெங்கும் கொடிகளும் தோரணங்களும் கட்டப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்றேனும் தேர்தலுக்காகக் கட்டப்பட்டதன்று. மன்னரைத் தெரிவு செய்யும் உரிமை அம்மக்களுக்கில்லை. அவ்விழாவுக்கு ஊர் திரண்டது. குப்பை வண்டியை ஆள்பவரைத் தெரிவு செய்யும் உரிமை அவர்களுக்குண்டு; அதற்கு மூவரில் ஒருவர் அளவினரே வருவது அந்நாட்டு வழக்கம்.

காலை 7 மணி முதல் இரவு 10 மணி வரை கிராம மண்டபமே வாக்களிப்பு நிலையம். பொலிஸாரைக் காணவில்லை. வாசலில் இரண்டு நாய்கள் கட்டப்பட்டிருந்தன. கட்சித் தொண்டர் இருவர், வேறு வேறு நிறப் பட்டி அணிந்தவர்கள், ஒரே வாங்கில் அமர்ந்து ஒரே குடுவைத் தேநீரைப் பகிர்ந்து அருந்தினர். அவ்வாண்டே முதன்முறையாக இங்கிலாந்தில் வாக்காளர் புகைப்பட அடையாளம் காட்ட வேண்டும் என்னும் விதி நடைமுறைக்கு வந்திருந்தது. பொதுநலவாய நாடுகளின் கடவுச்சீட்டும் ஏற்கப்படும். என் மகள் தனது இலங்கைக் கடவுச்சீட்டைக் காட்டி, சஃபோக் வயல்களின் ஆட்சிக்கு வாக்களித்தாள்.

உள்ளே நூலிற் கட்டிய பென்சிலாற் புள்ளடி இட்டதாகச் சொன்னாள். இந்த இரகசிய வாக்கும் பழைமையானதன்று. 1872ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு முன்னர் வாக்காளர் பலர் முன்னிலையில் தம் தெரிவை வாய்விட்டுச் சொல்லவேண்டியிருந்தது. நிலவுடைமையாளரும் முதலாளிகளும் அதனைக் கேட்டுக்கொண்டிருப்பர். புதிய முறைப்படி முதற்றேர்தல் யோக்சயரிலுள்ள பொன்ரிஃபிராக்ற் நகரில் அவ்வாண்டு ஓகஸ்ற் 15ஆந் திகதி நடைபெற்றது. அங்கு செய்யப்படும் அதிமதுர இனிப்பின் அச்சினாலேயே வாக்குப் பெட்டிக்கு முத்திரையிட்டனர் என்பர். யாருக்கு வாக்களித்தாள் என்று நான் மகளைக் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அக்கடவுச்சீட்டை உடையவளாயினும், அவளுடைய புள்ளடி எது என்று இனி எவராலும் கூற முடியாது. அம்முதியவரின் புள்ளடியோடு கலந்து, நிறமும் பிறப்பும் அற்ற ஓர் எண்ணாக அது மாறிவிட்டது.

மறுநாள் முடிவு வெளியாயிற்று. நான்கு ஆண்டுகளுக்கு முன் 12 ஆசனங்களைப் பெற்றிருந்த பசுமைக் கட்சி 34இல் 24 ஆசனங்களை வென்றது. பிரித்தானியாவில் அக்கட்சி ஒரு சபையைத் தனிப் பெரும்பான்மையுடன் கைப்பற்றியது அதுவே முதற்றடவை. தொழிற்சாலை நகரிலன்று, பல்கலைக்கழக நகரிலுமன்று; பழமைவாதக் கட்சியின் கோட்டை என்று கருதப்பட்ட பார்லி வயல்களின் நடுவில் அது நிகழ்ந்தது. அன்று இங்கிலாந்து முழுவதிலும் ஆளுங் கட்சியாகிய பழமைவாதக் கட்சி ஆயிரத்துக்கும் மேற்பட்ட சபை ஆசனங்களை இழந்தது உண்மையே. ஆனால் தேசிய அலை மட்டும் இதற்குக் காரணமாயின் அப்பயன் பெரிய எதிர்க்கட்சிகளுக்கே போயிருத்தல் வேண்டும். வட்டாரம் வட்டாரமாக ஆண்டுக்கணக்கில் வாசற்படி ஏறியவர்களை மக்கள் அறிந்திருந்தனர் என்பதே என் கருத்து.

இவற்றைக் கண்டு அந்நாட்டு முறையில் குறையே இல்லை என்று கூறுவேனல்லேன். அக்கிராமத்தின் பரிஷ் சபைக்கு ஆசனங்களிலும் குறைவானவர்களே விண்ணப்பித்தமையால் அங்கு தேர்தலே நடைபெறவில்லை. நின்றவர் அனைவரும் தெரிவாயினர். அடையாள அட்டை விதியினால் ஏறத்தாழ 14,000 பேர் வாக்களிப்பு நிலையம் வரை வந்தும் வாக்களிக்க இயலாது திரும்பினர் என்று தேர்தல் ஆணைக்குழு கணக்கிட்டது. வராதவர் தொகையோ அதனினும் பன்மடங்கு. உரிமை உள்ளவிடத்து அலட்சியம் வளர்கின்றது.

உரிமை இல்லாதவிடத்து என்ன வளர்கின்றது என்பதை அதே மாதங்களில் நம் நாடு காட்டிக்கொண்டிருந்தது. நமது உள்ளூராட்சித் தேர்தல் 2023 மார்ச் 9ஆந் திகதி நடைபெற வேண்டியது. வேட்புமனுக்கள் ஏற்கப்பட்டிருந்தன. நிதி இல்லை என்ற காரணத்தால் அது நடைபெறவில்லை. மார்ச் மாதத்திலேயே சபைகளின் காலம் முடிந்து, நிருவாகம் அதிகாரிகளின் கைக்குச் சென்றது. சஃபோக்கில் என் மகள் புள்ளடி இட்ட அன்று, எங்கள் ஊர்ப் பிரதேச சபையில் மக்கள் தெரிவு செய்த ஒருவர்கூட இருக்கவில்லை. அத்தேர்தலை நடத்தாமை அடிப்படை உரிமை மீறல் என 2024 ஓகஸ்ற் மாதம் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6ஆந் திகதியே வாக்களிப்பு நடைபெற்றது. அந்த இரண்டு ஆண்டுகளிலும் நம் பல்கலைக்கழக வளாகங்களில் இதனைப் பற்றி எழுந்த பேச்சு மிகக் குறைவு. பாராளுமன்றத் தேர்தல் ஒன்று அவ்வாறு நின்றிருந்தால் வளாகங்கள் அமைதியாக இருந்திரா.

இங்கிலாந்திலும் இச்சிறு சபைகளின் நிலை உறுதியானதன்று. 2024 டிசெம்பரில் அந்நாட்டு அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, மாவட்டம், கவுண்டி என்னும் இரண்டடுக்கை நீக்கி, ஐந்து இலட்சம் அல்லது அதற்கு மேற்பட்ட மக்களுக்கு ஒரு சபை என்ற அளவை முன்வைத்தது. அம்மாற்றத்தை முன்னிட்டு, 2025 மே மாதம் நடைபெறவேண்டிய சஃபோக் கவுண்டி சபைத் தேர்தலும் ஒத்திவைக்கப்பட்டது. செலவு குறையும், பொறுப்புத் தெளிவாகும் என்பது அரசின் வாதம். பள்ளத்திற்குப் பொறுப்பாளி யார் என்ற வழக்கு அதனால் தீருமாயின் நன்றே. ஆனால் சபை பெரிதாகுந்தோறும் வாய்க்காலின் வளைவு அதன் கண்ணுக்குச் சிறிதாகும். செலவைக் கணக்கிடுவோர் இதனை எந்த நிரலில் எழுதுவர் என்று கேட்பது அறிஞர் கடமை.

அதிகாரம் சிறிதென்பதற்காக ஒரு தேர்தலைச் சிறிதென்று கொள்ளலாகாது. ஒருவர் மற்றொருவரின் முகத்தைக் கண்டு முரண்படவும், முரண்பட்டபின் பெயர் சொல்லி அழைக்கவும் இடந்தரும் ஆட்சி அவ்வளவிலேயே சாத்தியமாகின்றது. என் மகளும் அம்முதியவரும் இன்றுவரை அவ்வயலைப் பற்றி ஒத்த கருத்தினரல்லர். அவர்களுக்கு ஒரு மண்டபமும், ஒரு குறிப்பேடும், நான்காண்டுக்கு ஒருமுறை ஒரு பென்சிலும் உண்டு. நம் ஊர்களில் அவை மூன்றும் உண்டா, உண்டெனின் நாம் அவற்றைப் பயன்படுத்துகின்றோமா என்பதை, அடுத்த சபைக் கூட்டம் நடைபெறும் நாளில் தத்தம் ஊருக்குச் சென்று மாணவ அன்பர்கள் நேரிற் கண்டறிவார்களாக.